கிளாரம்மாவுக்காகப் படித்த பிரெஞ்சு

போன வாரம் ஜெனிபர் போன் செய்தாள். என்னிடம் வேலை பழகிய நர்ஸ். இப்போது பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவதற்காக மதுரையில் தங்கிப் பிரெஞ்சு படிக்கிறாள்.

"அக்கா, காலையில எந்திரிக்கிறேன், பல்லு வெளக்குறேன், குளிக்கிறேன், சாப்புடுறேன்னு இதையே போட்டு உருட்டுறாக. சின்னப் புள்ளைக பாடம். இத வச்சுக்கிட்டு அங்கன போயி நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்? நீங்க அந்தக் காலத்துல எப்படித்தான் படிச்சீக?"

அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். சுருக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்வதுதான் கஷ்டம். ஒரு பத்தி எழுதினால் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான், ஒரு இடத்தில் உடம்பு தரிக்காது.

என் பெயர் பவுன்தாய். சொந்த ஊர் கோம்பை. மதுரையில் நர்ஸிங் படித்துவிட்டு, உத்தமபாளையம் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என்னை நேர்முகம் பார்த்தவர் கிளாரம்மா. பிரான்ஸ் நாட்டுக்காரர். இளம் வயதிலேயே கப்பலேறி வந்தவர். மடத்தில் அவருக்கு நீளமாக வேறு ஒரு பெயர் உண்டு, பள்ளத்தாக்கு முழுக்க அவர் கிளாரம்மாதான்.

"எந்த ஊருத்தா?" என்று கேட்டார். கோம்பை என்றேன்.

"கோம்பையா? அப்ப நீ கடிப்பியே!"

எங்கள் ஊர் நாயின் பெருமை வெள்ளைக்காரி வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று வாயைப் பிளந்தேன். நாயைவிட அவருடைய தமிழ்தான் ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கம்பம் சந்தையில் வாழைத்தார் விற்கிற பொம்பளை பேசுவது போலவே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மயங்கி விழுந்தேன். காரணம் அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். காலையில் நோயாளிகளுக்குக் கஞ்சி போகும். அதன் பிறகு ரவுண்ட்ஸ். அது முடியும்வரை எந்த நர்ஸும் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக் கூடாது. கிளாரம்மா வைத்த சட்டம் அது. அவரும் சாப்பிட மாட்டார். மயக்கம் தெளிந்ததும் அவர் என் கையில் ஒரு இட்லியைக் கொடுத்துவிட்டு, "நம்ம வயிறு நெறஞ்சுட்டா அவக வயிறு நமக்கு மறந்து போகும்த்தா. நாளைக்கி விழாத" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மறுநாள் விழவில்லை.

அவர் ரவுண்ட்ஸ் போகிற விதத்தை இன்றைக்கும் நான் அப்படியே செய்து காட்டுவேன். வாசலை ஒட்டிய கட்டிலில் தொடங்க மாட்டார். கக்கூஸ் பக்கத்துக் கடைசிக் கட்டிலிலிருந்துதான் தொடங்குவார். வாசல் பக்கம் படுத்திருப்பவனை வருகிறவர் போகிறவர் எல்லாம் விசாரித்துவிடுவார்கள், மூலையில் கிடப்பவனை யார் விசாரிப்பார்கள் என்பது அவர் கணக்கு. முதலில் நோயாளியின் பாதத்தைத் தொடுவார். சூடா, சில்லிப்பா, வீக்கமா என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். கஞ்சி டம்ளர் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். "சாப்ட்டீகளா?" என்பதுதான் எல்லாக் கட்டிலிலும் அவர் கேட்கிற முதல் கேள்வி. மருந்து வண்டியை நான் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். அதன் ஒரு சக்கரம் கிரீச் கிரீச்சென்று கத்தும். எத்தனை தடவை எண்ணெய் விட்டாலும் கத்தும். எல்லாம் முடிந்து பின்கட்டு வராந்தாவில் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஆறிப்போன இட்லியைத் தின்போம். அப்போதுதான் அவர் பேசுவார், சிரிப்பார். என் ஓட்டத்தைப் பார்த்து எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது அந்தப் பலகையில்தான்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். கிளாரம்மா பொறுப்பையெல்லாம் ஒப்படைத்துவிட்டு மடத்தில் ஓய்வாக இருந்தார். ஓய்வு என்று பேர்தான். தினமும் ரவுண்ட்ஸுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் காலையில் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். வாதம். வலது கை, வலது கால் போய்விட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றாகி, பேச்சு கொஞ்சம் திரும்பியபோதுதான் எங்களுக்குத் தலையில் இடி விழுந்தது. ஒரு சொல் தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. வந்ததெல்லாம் பிரெஞ்சு, அதுவும் ஒன்றிரண்டு சொற்களாக. எங்கள் டாக்டர் சுந்தரம் பொறுமையான மனிதர். "பின்னால படிச்ச பாஷை அழிஞ்சு, தாய்மொழி மட்டும் தங்குறது இந்த நோயில நடக்கிறதுதான் சிஸ்டர். நாம பேசுறதும் அவங்களுக்கு வெறும் சத்தமாத்தான் கேட்கும்" என்றார். அத்தனை வருஷம் எங்களோடு எங்களைப் போலவே பேசின வாய். நான் பக்கத்தில் போய், "அம்மா, நான் பவுனு, பம்பரம் வந்துருக்கேன்" என்கிறேன். அவர் என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போல் பார்க்கிறார். வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

மடத்தில் பிரெஞ்சு தெரிந்த பழைய சிஸ்டர்கள் எல்லாரும் ஏற்கனவே கல்லறைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே ஆள் கிளாரம்மாதான்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். மாத்திரை கொடுத்தால் விழுங்குவார். கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவார். அவருக்குத்தான் முதல் கஞ்சி. விடிந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, வார்டுக்குப் போவதற்கு முன்னால் கிளாரம்மா அறைக்குப் போய்விடும். வீட்டுப் பெரியவருக்கு முதலில் வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? அவர் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். மதியமும் அதேதான், சாயங்காலமும் அதேதான். காலையில் வார்டில் மருந்து வண்டி கிளம்புகிற நேரத்துக்கு இன்னொரு கூத்து. இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்ப்பார், கத்துவார். ஒரு தடவை விழுந்தும்விட்டார்.

மூக்கு வழியாக டியூப் போட்டோம். பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டோம், மறுபடியும் பிடுங்கினார். கடைசியில் இடது கையைப் பஞ்சு வைத்து, பட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டச் சொன்னார்கள். கட்டினது நான்தான். கம்பத்திலும் கோம்பையிலும் பாதிப் பிள்ளைகளை வெளியே எடுத்துப் போட்ட கை அது. முடிச்சுப் போடும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

அப்போது மடத்துத் தலைவி சிஸ்டர் ரெஜினா. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் முழுதாகக் கேட்டுக்கொண்டு, அங்கியில் குத்தியிருக்கும் கடிகாரத்தை ஒருமுறை நேராக்கிவிட்டு, "ஆகட்டும்" என்பார். அந்த ஆகட்டும் சம்மதமா, மறுப்பா, போய் வேலையைப் பார் என்பதா என்று கண்டுபிடிக்கவே எனக்கு வருஷக்கணக்கானது. அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொன்னார்.

"வருகிற சனிக்கிழமை கார் வருகிறது. நம் சபையின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். வயிற்றில் துளை போட்டு நேரடியாக உணவு கொடுப்பார்கள். பிறகு அங்கேயே வயதானவர்கள் இல்லத்தில் வைத்துக்கொள்வார்கள்."

"திரும்பி வர மாட்டாகளா?" என்றேன்.

கடிகாரத்தை நேராக்கினார்.

டாக்டரிடம் ஓடினேன். "வாயால சாப்பிட ஆரம்பிச்சுட்டா நானே கார வேண்டாம்னு சொல்லிடுவேன். ஆனா எதுக்கு மறுக்கிறாங்கன்னு தெரியலையே. அவங்க பாஷையில கேட்க ஒரு ஆளு இருந்தா நல்லது" என்றார். பிரெஞ்சுக்கு நான் எங்கே போவேன்? கம்பத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் பிளஸ் ஒன் பிள்ளைகள் தமிழை விட்டுவிட்டு மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

வாத்தியார் பெயர் சாகுல் அமீது. உத்தமபாளையத்துக்காரர், அத்தர் வாசனையும் சாக்பீஸ் தூளுமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"கிளாரம்மாவா? நான் பொறந்ததே அவுக கையிலதான் சிஸ்டர். ஆனா ஒண்ணு, நான் ஒரு பிரெஞ்சுக்காரரோட பேசுனதே இல்ல. பரீட்சைக்குச் சொல்லிக் குடுக்கறதுதான். என் உச்சரிப்பு அவுகளுக்குப் புரியுமோ என்னமோ."

"புரியிற மாதிரி ரெண்டு வார்த்த குடுங்க சார்."

புத்தகத்தை எடுத்தார். முதல் பாடம். பாரிஸில் ஒரு பையன் காலையில் எழுகிறான், முகம் கழுவுகிறான், தலை சீவுகிறான், ரொட்டியும் வெண்ணெயும் தின்கிறான், ரயிலேறிப் பள்ளிக்கூடம் போகிறான். "நல்ல பாடம் சிஸ்டர். பரீட்சையில நிச்சயம் வரும்" என்றார், வாய்ப் பழக்கத்தில்.

"எனக்கு மார்க் வேணாம் சார். அவுக வாயத் தெறக்கணும்."

"வாயத் தெறக்கறதுக்கு டாக்டர்கிட்டப் போற பாடம் இருக்கு. அது அடுத்த வருசத்துப் புத்தகம்" என்றவர், என் முறைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

உட்கார்ந்து படிக்க எனக்கு வராது. நடந்துகொண்டே படித்தேன். ஜ ம லேவ், எழுகிறேன். ஜ ம லாவ், கழுவிக்கொள்கிறேன். ஜ ம பேஞ், தலை சீவுகிறேன். ஜ மான்ஜ், சாப்பிடுகிறேன். ஜ தோர், தூங்குகிறேன். பஸ்ஸில் நின்றபடி முணுமுணுத்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் காத்திருந்து, "ஜெபம் முடியட்டும்க்கா" என்றார். வீட்டில் சீப்பை எடுத்தால் ஒரு சொல், செம்பை எடுத்தால் ஒரு சொல். என் வீட்டுக்காரர் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்தார். "ஏத்தா, சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி ஒரு எள்ளு விளக்குப் போட்டுட்டு வந்துருவமா?" என்று கவலையாகக் கேட்டார். சனிக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வந்தது. கத்திவிட்டேன், பாவம் மனுஷன்.

மறுநாள் கிளாரம்மாவிடம் போனேன். கட்டை அவிழ்த்தேன். முகம் துடைக்கும்போது "ஜ ம லாவ்" என்றேன். அவர் திரும்பினார். அப்படி ஒரு திரும்பல்! அடைத்துக் கிடந்த கதவு திறந்ததுபோல் கண் இரண்டும் என்மேல் வந்து நின்றன. தலை சீவினேன், "ஜ ம பேஞ்." வாய்க் கோணல் லேசாக நெகிழ்ந்தது. சிரிக்கிறார்! அவசர அவசரமாகக் கிண்ணத்தை எடுத்து, "ஜ மான்ஜ்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் சொன்னது "நான் சாப்பிடுகிறேன்" என்று. பாடத்தில் அந்தப் பையன் தன்னைப் பற்றித்தானே சொல்கிறான்! சரி, சாப்பிடு என்று அவர் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் சாகுல் சாரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். எதிரில் இருப்பவரைச் சாப்பிடச் சொல்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த நாள் சரியாகச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினேன். கிளாரம்மா தலையை ஆட்டினார்.

"அப்ரே" என்றார்.

மதியமும் அப்ரே. சாயங்காலமும் அப்ரே.

சாகுல் சாரே லீவு போட்டுவிட்டு வந்தார். கட்டிலருகே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கிளாரம்மா கூர்ந்து கேட்டுவிட்டு மறுபடியும், "அப்ரே" என்றார்.

வெளியே வந்து சார் சொன்னார்: "பிறகுன்னு அர்த்தம் சிஸ்டர். சாப்பாடு வேணாங்கல. பிறகு சாப்பிடுறேங்கிறாக. எதுக்குப் பிறகுன்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கு அவுகளுக்கு வார்த்த கிடைக்கல."

வேண்டாம் என்பதும் பிறகு என்பதும் ஒன்றா? இத்தனை நாளாக நாங்கள் கேஸ் ஷீட்டில் வேண்டாம் என்றுதானே எழுதிக்கொண்டிருந்தோம்! எனக்கு ஒரே பரபரப்பு. எதற்குப் பிறகு? குளித்த பிறகா? முழுதாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொடுத்தேன். அப்ரே. ஜெபத்துக்குப் பிறகா? பங்குச் சாமியாரை வரவழைத்து நன்மை அப்பம் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டார், கஞ்சிக்கு அப்ரே. வெள்ளை அங்கி மாற்றிய பிறகா, ஜன்னலைத் திறந்த பிறகா, தூங்கி எழுந்த பிறகா? பாரிஸ் பையனின் நாளில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். ரயிலேறுவது ஒன்றுதான் பாக்கி. அந்தப் பாடத்தையே கிழித்துப்போட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. கிளாரம்மாவின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி அறை வாசலில் வைத்துவிட்டார்கள். சின்னப் பெட்டி, அதிலும் பாதிதான் நிறைந்திருந்தது.

அன்று காலை டாக்டர் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டார். ரவுண்ட்ஸ் தள்ளிப்போய்விட்டது. நான் கிளாரம்மா பக்கத்தில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். வயிறு கபகபவென்று எரிந்தது. ஆயா முருகாயி கதவைத் திறந்து, ஒரு தட்டில் இட்லியை நீட்டினாள்.

"ஏத்தா பவுனு, மூஞ்சி வெளிறிப் போச்சு. இதத் தின்னுட்டு இரு."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொறவு" என்றேன். "ரவுண்ட்ஸ் முடியட்டும்."

சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. முருகாயியைப் பார்த்தேன். கிளாரம்மாவைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வார்டில் யாரோ மருந்து வண்டியை நகர்த்தினார்கள். கிரீச். கட்டுப் போட்டிருந்த கிளாரம்மாவின் இடது கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. இறங்கப் பார்க்கிறார்.

அடப் பாவிகளா! வேலைக்குத்தானம்மா கிளம்புகிறாய் தினமும்! நாங்கள் உன்னை நோயாளி ஆக்கி, மரியாதை என்று சொல்லி முதல் கஞ்சியை உன் வாயில் திணித்துக்கொண்டிருந்தோமே! மற்றவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் நீ என்றைக்கு வாய் திறந்தாய்? உனக்கு ரவுண்ட்ஸ் ஆகவே இல்லை. ரவுண்ட்ஸ் ஆகாத நாளில் மதியச் சாப்பாடு ஏது, ராத்திரிச் சாப்பாடு ஏது?

செருப்புக்கூடப் போடாமல் சிஸ்டர் ரெஜினாவின் அறைக்கு ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். பாதி அழுகை, பாதி கத்தல். "சக்கர நாற்காலியில வச்சு வார்டச் சுத்திக் கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். நீங்க வேணாம்னு சொன்னாலும் போவேன்" என்றும் சொல்லிவிட்டேன். வேலை போகிற பேச்சு அது.

அவர் முழுதாகக் கேட்டார். கை கடிகாரத்துக்குப் போனது. பாதியில் நின்றது. "நானும் அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தானே, பவுன்தாய்" என்றார். அதோடு எழுந்து எனக்கு முன்னால் நடந்தார். கிளாரம்மாவின் கைக்கட்டை அவரே அவிழ்த்தார். வாசலில் இருந்த பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த வெள்ளை ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டிவிட்டார்.

கடைசிக் கட்டிலிலிருந்து தொடங்கினோம். குச்சனூர்ப் பெரியவர் ஒருவர், காலில் புண்ணோடு படுத்திருந்தார். கிளாரம்மா இடது கையை நீட்டி அவர் பாதத்தைத் தொட்டார். பெரியவர் பதறி எழுந்து உட்கார்ந்து, "ஆத்தா, வந்துட்டீகளா! ஒங்களுக்கு முடியலன்னு சொன்னாகளே" என்று கும்பிட்டார். அடுத்த கட்டில். அதற்கடுத்த கட்டில். ஒவ்வொன்றிலும் பாதம், பிறகு கட்டிலுக்குக் கீழே பார்வை. காய்ச்சலில் கிடந்த ஒரு தோட்டத்துக்காரப் பெண்ணின் டம்ளரில் கஞ்சி அப்படியே இருந்தது. கிளாரம்மா அதைச் சுட்டிக்காட்டிப் பிரெஞ்சில் ஒரு வாங்கு வாங்கினார். அந்தப் பெண் என்ன ஏதென்று தெரியாமலே பயந்துபோய் மடக்மடக்கென்று குடித்துவிட்டாள். வார்டே சிரித்தது. பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது சிஸ்டர் ரெஜினா.

முடிந்ததும் அறைக்குக் கொண்டுபோய்க் கஞ்சியை எடுத்தேன். அவர் வாயை இறுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அவர் கை நீண்ட பக்கத்தைப் பார்த்தேன். பின்கட்டு வராந்தா! மறுபடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். நர்ஸுகள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கையை வைக்கவில்லை. கிளாரம்மா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மேன்த்னான்" என்றார். இப்போது என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிஷத்தில் தெரியத் தேவையும் இருக்கவில்லை. இட்லியைப் பாலில் பிசைந்து வைத்தேன். இடது கையால், சிந்தச் சிந்த, அவரே எடுத்துச் சாப்பிட்டார். டாக்டர் பிரசவம் முடித்துவிட்டு அங்கே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை வந்த காரின் டிரைவருக்கும் அதே பலகையில் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தார். தமிழ் திரும்பவே இல்லை. நான் சாகுல் சாரிடம் விடாமல் போனேன். நடந்தது, சாப்பிட்டாயிற்று, தூங்கியாயிற்று என்று முடிந்துபோனதைச் சொல்வதற்கும் படித்தேன். தினமும் ரவுண்ட்ஸ். தினமும் பலகை.

பிறகு ஒரு காலையில் நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்பூனில் கஞ்சித் தெளிவை எடுத்தேன். "அப்ரே" என்றார், காற்றுப் போல.

வார்டில் போய்ச் சொன்னேன். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருத்தர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி. ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து நிற்க, அவர் தொட்டார். கை எழாதபோது அவர்களே தங்கள் கையை அவர் கைக்குள் வைத்தார்கள். எல்லாரும் போன பிறகும் அவர் கண் வாசலிலேயே இருந்தது. ஒருவர் குறைகிறார் என்று அவருக்குத் தெரிகிறது. தொடை எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிட்டிருந்த ஜீப் டிரைவர், கடைசிக் கட்டில். அவரால் வர முடியாது.

ஓடினேன். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். டம்ளர் காலி. திரும்பி ஓடி வந்து, கிளாரம்மாவின் காதருகே குனிந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: "தூ ல மோன்த் ஆ மான்ஜே." எல்லாரும் சாப்பிட்டாயிற்று.

அவர் வாயைத் திறந்தார். ஒரு ஸ்பூன். விழுங்கினார். மதியத்துக்குள் போய்விட்டார். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற கல்லறையில்தான் வைத்தோம்.

ஜெனிபர், உன் பாடத்தைச் சின்னப் பிள்ளைகள் பாடம் என்று தள்ளாதே. எழுகிறேன், கழுவுகிறேன், சாப்பிடுகிறேன் என்பதற்கு மேல் அந்த மூப்பில் யாருக்கு என்ன பேச்சு மிஞ்சும்? நன்றாக மனப்பாடம் செய். அங்கே யாராவது உன்னிடம் "அப்ரே" என்று சொன்னால், வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் இட்லித் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வீட்டுப் பெரியவள் என்று முதல் ஈடு எனக்குத்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

"சாப்புடுங்க அத்தை, ஆறிப் போகும்."

"பொறவு" என்றேன்.

"தெனமும் இதே பேச்சா? எதுக்குப் பொறவு அத்தை?" என்றாள் அவள்.

எழுந்து செருப்பை மாட்டினேன். தெருக்கோடியில் பக்கவாதத்தில் படுத்திருக்கிற மாரியப்பன் ஏதாவது சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.